நோயாளியின் செவிக்குத் தமிழ் எப்போது?

‘வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்’ என்ற செய்தி வந்ததும் வீடு மலர்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் பல நாள் பேச்சற்று உட்கார்ந்திருந்த உறவினர் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் நற்செய்தி சொல்லிக்கொள்கின்றனர். ஒருவர் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சென்று அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறார். மற்றொருவர் தேக்காவில் பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைகிறார். ஆனால் கட்டிலில் கிடப்பவர் முகத்தில் அந்த மகிழ்ச்சியைக் காணோம். கட்டிலின் கம்பியை இறுகப் பற்றியபடி மேற்கூரையைப் பார்த்துக் கிடக்கிறார். இரவெல்லாம் உறக்கம் இல்லை. ‘ஏன் என்னை இங்கே கொண்டுவந்து போட்டார்கள்?’ என்று கேட்கிறார். உறவினர் சிரிக்கின்றனர். ‘பிழைத்து வந்தாயிற்று, இனி என்ன பயம்?’ என்கின்றனர்.

அந்தச் சிரிப்பு அன்பினால் பிறந்ததே. ஆயினும் அது தவறான சிரிப்பு. நோயாளி கேட்டது ஒரு கேள்வி. அவருக்குக் கிடைத்தது விடை அன்று. அந்த விடையை உரிய நேரத்தில், உரியவர் வாயிலாக, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லியிருந்தால் அவ்வச்சத்தில் பெரும்பகுதி தோன்றியே இராது. சிங்கப்பூரில் தமிழ் பேசும் நோயாளிகளைப் பொறுத்தவரை இக்குறைக்கு மருத்துவமனைகளை மட்டும் பழிப்பது எளிது. ஆனால் தமிழைத் தொழிலாகக் கொண்டோர், அதாவது ஆசிரியர், எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர், இதில் தமக்குரிய பங்கைச் செய்யவில்லை என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

அச்சம் அறியாமை அன்று

தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது பழங்காலத்து ஏற்பாடு அன்று. 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் தொண்டையில் குழாயிட்டு, கையால் பையை அமுக்கிக் காற்றூட்டலாம் என்று பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவர் காட்டினார். இயந்திரங்கள் போதாமையால் மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, முறைவைத்து, இரவும் பகலும் அந்தப் பைகளை அமுக்கினர். ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் ஒரு மனிதர் இடையறாது உட்கார்ந்திருந்தார். அந்தப் பட்டறிவின் பயனாக அடுத்த ஆண்டின் இறுதியில் அதே நகரில் இப்சன் அமைத்த தனிப்பிரிவையே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடி என்பர்.

‘தலைமாட்டில் இடையறாது ஒருவர்’ என்பதுதான் அன்றும் இன்றும் அப்பிரிவின் உயிர்நாடி. அங்கே ஒரு தாதி ஒரு நோயாளியை, மிஞ்சினால் இருவரைப் பார்த்துக்கொள்கிறார். இதயத் துடிப்பைத் திரை காட்டிக்கொண்டே இருக்கிறது. மூச்சு சற்றுத் தடுமாறினாலும் கருவி ஒலியெழுப்புகிறது. ஒலி எழுந்த நொடியில் ஒரு முகம் குனிந்து பார்க்கிறது. முதல் நாள் நோயாளியை அச்சுறுத்திய அதே ஒலி பத்தாம் நாள் அவருக்குத் தாலாட்டாகிவிடுகிறது. ‘அது கத்துகிறது, ஆகவே நான் இருக்கிறேன்’ என்று அவர் மனம் கணக்குப் போடப் பழகிவிடுகிறது.

பின்னர் ஒரு நாள், பெரும்பாலும் வேறொருவருக்குக் கட்டில் அவசரமாகத் தேவைப்படும் வேளையில், கம்பிகள் கழற்றப்படுகின்றன. திரை அணைக்கப்படுகிறது. கட்டில் உருள்கிறது, மின்தூக்கி திறந்து மூடுகிறது, புதிய கூரை, புதிய முகங்கள், பக்கத்துக் கட்டிலில் இருமல். இங்கே ஒரு தாதிக்குப் பல நோயாளிகள். அழைத்தால் வருவார், ஆனால் அழைக்க வேண்டும். அழைப்பதற்கு ஒரு மணிப்பொத்தானைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் அசையாது கிடந்த உடலில் தசை கரைந்து, அந்தப் பொத்தானை அழுத்தவும் விரலில் வலுவில்லாத நிலை பலருக்கு உண்டு. இதை மற்றவர் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. தீவிர சிகிச்சையில் மூச்சுக்கருவியோடு இருந்தவர்களுள் பெரும்பாலோருக்கு நோயினாலும் மயக்க மருந்தினாலும் உறக்கக் கேட்டினாலும் சில நாள் மனக்குழப்பம் ஏற்படுகிறது. சுவரில் பூச்சிகள் ஊர்வதாகவும், தம்மைக் கட்டிப்போட்டுக் கொல்லப் பார்ப்பதாகவும் தோன்றும். வார்டுக்கு வந்தபின் அந்த நினைவுகள் துண்டு துண்டாகத் திரும்புகின்றன. நடந்தது எது, கனவு எது என்று தெரியவில்லை. கேட்டால் பைத்தியம் என்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறார். குடும்பத்தாருள் சிலரோ ‘காற்றுக் கருப்பு’ என்று முணுமுணுக்கத் தொடங்கிவிடுகின்றனர். ‘இது பலருக்கும் வருவது, சில நாளில் தெளியும்’ என்னும் ஒரே வாக்கியம் நோயாளியின் நெஞ்சிலிருந்து பாறையை இறக்கிவைக்கும்.

ஆகவே இது கோழையின் அச்சம் அன்று, காரணமுள்ள அச்சம். மருத்துவ உலகம் இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்டது. அமெரிக்காவில் ராபர்ட் கிளைனும் உடனாய்வாளரும் 1968இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாரடைப்புக்குப் பின் இதயச் சிகிச்சைப் பிரிவிலிருந்து திடீரென மாற்றப்பட்ட நோயாளிகளுக்கு இதயத் தொல்லைகள் மீண்டும் தலைதூக்கின; மாற்றத்துக்கு முன்பே ஆயத்தப்படுத்தி, அதே மருத்துவரும் ஒரே தாதியும் தொடர்ந்து கவனித்த நோயாளிகளிடம் அவை குறைந்தன. ஆய்வுக்குட்பட்டோர் மிகச் சிலரே. ஆயினும் மனத்தின் கலக்கம் மனத்தோடு நிற்பதில்லை, நெஞ்சையும் தாக்கும் என்பதற்கு அது போதிய எச்சரிக்கை. 1992இல் வட அமெரிக்கத் தாதிமைத் துறையினர் இடமாற்றத்தால் விளையும் இந்தக் கலக்கத்தைத் தம் நோயறிதல் பட்டியலிலேயே சேர்த்தனர். 2007இல் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம், இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை இத்தகைய மாற்றத்தை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்றும், நோயாளிக்கு அவர் நிலையை விளக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. வட ஐரோப்பிய நாடுகளில் நோயாளி நினைவிழந்து கிடந்த நாள்களில் நடந்தவற்றைத் தாதியரும் குடும்பத்தாரும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துப் பின்னர் அவரிடம் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது.

இவை அனைத்தையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவற்றுள் மாத்திரை இல்லை; ஊசி இல்லை. முன்கூட்டிச் சொல்லுதல், விளக்குதல், எழுதிவைத்தல், மீண்டும் வந்து கேட்டல் என எல்லாம் மொழியின் வேலையே.

சொல் செய்யும் தீங்கு

மொழியின் வேலை என்றால் எந்த மொழி? இங்கேதான் தமிழாசிரியர் காது கொடுக்க வேண்டும்.

வார்டுக்கு மாற்றும்போது நோயாளியிடம் தமிழில் சொல்லப்படும் சொற்களைப் பாருங்கள். ‘இனி ஒன்றும் இல்லை’ என்கிறார் ஆறுதல் சொல்ல வந்தவர். ஆபத்து ஒன்றும் இல்லை என்பது அவர் கருத்து. தமிழில் அதே தொடருக்கு ‘இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை’ என்ற பொருளும் உண்டென்பதை அவர் மறந்துவிட்டார்; படுத்திருப்பவர் மறக்கவில்லை. ஊரில் எத்தனையோ மரணங்களுக்கு முன்னால் வைத்தியர் வாயிலிருந்து அதே தொடரைக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

நிலைமை சீராக இருக்கிறது என்று மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை மகன் ‘அப்படியேதான் இருக்கிறது’ என்று தமிழாக்குகிறார். அப்படியே இருத்தல் தமிழில் முன்னேற்றம் இன்மையைக் குறிக்கும். ‘தீவிர சிகிச்சை’ என்பதில் ‘தீவிர’ என்னும் அடை சிகிச்சைக்கு உரியது. முதியவர் பலர் அதை நோய்க்கு உரியதாகக் கொள்கின்றனர். ‘பொதுப் பிரிவு’ என்றாலோ, தனிக் கவனிப்பிலிருந்து தள்ளப்பட்டுக் கூட்டத்தில் விடப்பட்டதாகப் பொருள்கொள்கின்றனர். காசு தீர்ந்துவிட்டதால் மாற்றினார்களோ என்று தாய் மகளை இரகசியமாகக் கேட்பதும் உண்டு. ‘வெளியேற்றம்’ என்று படிவத்தில் மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்திருக்கிறார். வாடகை வீட்டுக்காரனை வெளியேற்றும் வழக்கை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

இச்சொற்களை மாற்றப் புதுச்சொல் படைக்கும் குழு வேண்டுமென்று உடனே ஒரு சாரார் எழுவர். தீவிரமா, செறிவா, உய்வா என்று மூன்று கருத்தரங்கு நடக்கும். நோயாளி அதற்குள் வீடு திரும்பிவிடுவார். அல்லது திரும்பாமலும் போகலாம். இங்கே தேவை கலைச்சொல் அன்று, வாக்கியம். ‘அம்மா, உங்கள் மூச்சு இப்போது தானாகவே நன்றாக நடக்கிறது. அதனால்தான் இந்தக் கருவியை எடுக்கிறோம். நாளைக் காலை பத்து மணிக்கு மேல்மாடி வார்டுக்குப் போகிறீர்கள். அங்கே தாதி எந்நேரமும் பக்கத்தில் நிற்கமாட்டார். ஆனால் இந்தப் பொத்தானை அழுத்தினால் வருவார். இப்போதே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உங்கள் மகளுக்கும் இடத்தைச் சொல்லிவிட்டோம்.’ இதில் எந்தச் சொல் அகராதியில் இல்லாதது? இதை எழுதப் பண்டிதர் வேண்டா. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்பவர் நெஞ்சில் எவ்வாறு விழும் என்று எண்ணிப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

‘பயப்படாதீர்கள்’ என்ற சொல் மேலே இல்லை என்பதையும் கவனிக்க. பயப்படாதே என்பது ஏவல், செய்தி அன்று. அச்சத்தைக் கட்டளையால் போக்க முடியுமாயின் தேர்வறைக்கு வெளியே நடுங்கும் மாணவனை எந்த ஆசிரியரும் ஒரு சொல்லில் தேற்றிவிடலாமே! வினாத்தாள் எப்படியிருக்கும், எத்தனை மணி நேரம், எதை முதலில் எழுதுவது என்று சொன்னால்தானே அவன் கை நடுக்கம் நிற்கிறது.

‘எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும்’

இவ்வளவும் சொன்ன பிறகும், ‘சிங்கப்பூரில் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே, பிள்ளைகள் விளக்கிக்கொள்வார்களே’ என்பாரும் உளர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். இவ்வளவு சிறு தொகைக்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்பர்.

முதலாவதாக, அந்தக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் தோளோடு தோள் உரச நிற்கும் கட்டுமானத் தொழிலாளர் அதில் இல்லை. அவர்களுள் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து தீவிர சிகிச்சைக்குச் சென்றால் அவருக்கு விளக்கிச் சொல்ல எந்தப் பிள்ளை இருக்கிறது? மனைவி அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூரில் இருப்பார். தொலைபேசியில் ‘மாத்திட்டாங்களாம்’ என்ற ஒரு சொல் மட்டும் போய்ச்சேரும். அதை அங்கே எப்படிப் பொருள்கொண்டு எத்தனை பேர் அழுதனர் என்பது இங்கே எவருக்கும் தெரியாது. 2020இல் கொவிட் தொற்று விடுதிகளில் பரவியபோது இந்த இடைவெளி வெட்டவெளிச்சமாயிற்று. மருத்துவர்கள் வங்காளம் பேசும் தொழிலாளரோடு பேச வழியின்றித் தவித்த நேரத்தில், அம்மொழி அறிந்த தன்னார்வலர் இணையத்தில் மருத்துவச் சொற்றொடர்களையும் ஒலிப்பதிவுகளையும் சில நாளில் ஆக்கித் தந்தனர். அவர்கள் எந்தக் குழுவின் தீர்மானத்துக்கும் காத்திருக்கவில்லை.

இரண்டாவதாக, ஆங்கிலம் அறிந்தவர்க்கும் நோயுற்ற வேளையில் அது கைகொடுப்பதில்லை. காய்ச்சலில் பிதற்றுபவர் தாய்மொழியில்தானே பிதற்றுகிறார்? முதிய தமிழ்ப் பெண்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அந்தத் தலைமுறையில் பலர் ஆங்கிலம் அறியாவிடினும் சந்தை மலாயை வைத்துக்கொண்டு சீனத் தாதியோடும் மலாய்த் தாதியோடும் காலம் தள்ளினர். இன்று வார்டில் பணிபுரிவோருள் பிலிப்பீன்ஸ், மியன்மார், சீனா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். பரிவில் அவர்கள் எவ்வகையிலும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் சந்தை மலாய் அவர்களுக்குத் தெரியாது. பாட்டிக்கோ வேறு பாலம் இல்லை. அந்த நேரத்தில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பணிமுறையில் வாய்த்தால் அது நற்பேறு. உயிர் பிழைத்தவரின் மனநலத்தை நற்பேற்றிடம் ஒப்படைப்பது முறையா?

மூன்றாவதாகப் பிள்ளைகள். அவர்கள் வருவது பணி முடிந்த மாலையில். கட்டில் உருண்டது காலையில். இடைப்பட்ட எட்டு மணி நேரத்தைப் பற்றியதே இக்கட்டுரை. கொவிட் காலத்தில் பார்வையாளருக்குக் கதவடைத்தபோது அந்த எட்டு மணி நேரம் பல நாள்களாக நீண்டது. மேலும், வகுப்பறையில் தமிழில் வாய்மொழித் தேர்வு எழுத்துப்பிசகாமல் பேசி மதிப்பெண் பெற்ற பேரன், தாத்தாவின் கட்டிலருகே நின்று ‘நுரையீரல் தேறிவிட்டது’ என்று சொல்ல நாவெழாமல் தவிக்கிறானே, அதற்கு எவர் பொறுப்பு?

ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?

மருத்துவமனையின் கடமையை ஆசிரியர் தலையில் கட்டுவதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரவில் மாற்றாதிருத்தல், கருவிகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக நீக்கிப் பழக்குதல், பழைய தாதி மறுநாள் வார்டுக்கு வந்து முகம் காட்டுதல் ஆகியன மருத்துவமனையின் பொறுப்பே. அவற்றை அங்கே வற்புறுத்த வேண்டும். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணும் உழைச்செல்வானையும் மருத்துவத்தின் நாலில் ஒரு கூறாக வைத்தார். அந்த நான்காம் கூறுக்கு நாவும் வேண்டும். ஆங்கிலத்தில் அந்த நாவை மருத்துவமனை தரும். தமிழில் தர வேண்டியவர் எவர்?

2017இல் தேசிய தின அணிவகுப்புக் கையேட்டில் தமிழ் வாசகம் சிதைந்து அச்சேறியபோது தமிழ்ச் சமூகம் கொதித்தெழுந்தது. அமைப்பாளர்கள் வருத்தம் தெரிவித்தனர். அந்தச் சினம் நேர்மையானது. ஆனால் பலகையில் கொம்பும் காலும் இடம் மாறினால் கொதிக்கும் நெஞ்சம், ‘இனி ஒன்றும் இல்லை’ என்ற தொடரால் ஒரு மூதாட்டி இரவெல்லாம் மரணத்தை எதிர்பார்த்துக் கிடந்தால் ஏன் கொதிப்பதில்லை? கண்ணுக்குத் தெரியும் தமிழுக்கு மட்டுமே காவலா? ஏப்ரல் தோறும் தமிழ்மொழி விழா நடக்கிறது. மேடைகள், போட்டிகள், கவியரங்குகள். இருக்கட்டும், குறைவில்லை. அந்த மேடைகளில் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழ் ஒன்றென்று முழங்காதார் இல்லை. அதிகாரத்துவம் என்பது நாணயத்தாளில் பொறித்திருப்பதோடு முடிந்துவிடுகிறதா?

உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் பீட்டி சாலையில் இருக்கிறது. அங்கிருந்து டான் டோக் செங் மருத்துவமனை சிறிது நேரப் பேருந்துப் பயணம். தேக்காவுக்கு அருகே புக்கித் தீமா சாலையில் கேகே மருத்துவமனை. தமிழ் பயிலும் இடத்துக்கும் தமிழ் தேவைப்படும் இடத்துக்கும் இடையே இவ்வளவே தொலைவு. உயர்நிலை மாணவர் ஆண்டுதோறும் சமூகத் தொண்டு செய்கின்றனர். முதியோர் இல்லத்தில் பாட்டுப் பாடித் திரும்புகின்றனர். அவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பாடமும் உண்டு. இரண்டையும் இணைத்தால் என்ன? ஒரு வகுப்பு, ஒரு பருவம், ஒரே ஒரு தாள்: வார்டுக்கு மாறும் நோயாளிக்குச் சொல்ல வேண்டிய பத்து வாக்கியங்கள். மருத்துவமனையில் தாதி ஒருவர் மருத்துவப் பிழை பார்க்கட்டும். ஆசிரியர் மொழிப்பிழை பார்க்கட்டும். பெரிய எழுத்தில் ஒரு படி. மாணவர் குரலில் ஓர் ஒலிப்பதிவு. தமிழறியாத தாதியும் தம் கைபேசியில் அதைத் தட்டி நோயாளியின் செவியருகே வைக்கலாம். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. (இந்த ‘ஒன்றுமில்லை’யில் இரு பொருள் இல்லை!)

அத்தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரே ஒரு சோதனை வேண்டும். பண்டிதரிடம் காட்டுவதற்கு முன்னால், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியிடம் மாணவன் அதைப் படித்துக் காட்டட்டும். கேட்டு முடித்துவிட்டு அவர், ‘அப்படியென்றால் கைவிட்டுவிட்டார்களாப்பா?’ என்று கேட்பாரானால், அவர் எந்த வாக்கியத்தில் அப்படிப் பொருள்கொண்டார் என்பதைக் கேட்டறிந்து, அதை அடித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டும்.